சுழல் எஞ்சினுக்கு ரிடக்சன் கியர்பாக்ஸ்: வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை கணபதியில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பவர்லூம், தென்னைநார் மில், போர்வெல் ரிக் என்று வருகிற வேலைதான் அன்றாடச் சோறு. சில வருடங்களுக்கு முன் உடுமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பழைய மஸ்தா 13பி சுழல் எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றும் கார் எஞ்சின்) ஒன்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, "அண்ணா, இதுக்கு ஒரு ரிடக்சன் கியர்பாக்ஸ் செஞ்சு தரணுங்க, ஏரோப்ளேனுக்கு" என்றார். அன்றிலிருந்து அவருடைய தென்னந்தோப்பில் ஒரு இரும்புச் சட்டத்தில் அந்த எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தரையில் மட்டும்தான், இன்னும் பறக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகளும் பட்டறைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கியர்பாக்ஸ் எதற்கு? எஞ்சினில் நேராகவே புரொப்பல்லரை மாட்டக் கூடாதா?

கூடாது. 13பி எஞ்சின் தன் முழு பலத்தைத் தருவது நிமிடத்துக்கு 6,000 சுற்று வாக்கிலும் அதற்கு மேலேயும்தான். 72 அங்குல புரொப்பல்லரை 6,000 சுற்றில் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 575 மீட்டர் ஓடும். ஒலியின் வேகமே ஏறக்குறைய 345 மீட்டர்தான். நுனி ஒலியை நெருங்கும்போதே காதைப் பிளக்கும் சத்தமும் இழுவை நஷ்டமும் வந்துவிடும். அதே புரொப்பல்லர் 2,700 சுற்றில் 259 மீட்டர் ஓடும், அது சரியான வேகம். ஆக, எஞ்சின் வேகத்தை அரைவாசிக்கும் கீழே இறக்கியாக வேண்டும்.

சுழல் எஞ்சின் அதிர்வே இல்லாதது என்கிறார்களே, அப்புறம் கியர் ஏன் அடி வாங்குகிறது?

எல்லாக் குழப்பமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதிர்வில் இரண்டு வகை உண்டு. எஞ்சின் முழுவதும் குலுங்குவது ஒன்று. சுழல் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகவில்லை, முக்கோண ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் குலுக்கல் மிகக் குறைவு. ஸ்டாண்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் தளும்பாது.

இன்னொன்று முறுக்கதிர்வு. அது வெளியே தெரியாது. ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (எஞ்சினின் பலம் வெளியே வரும் தண்டு) மூன்று முறை சுற்றுகிறது. ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை எரிந்து தள்ளுகிறது. இரண்டு ரோட்டர் உள்ள 13பியில் சுற்றுக்கு இரண்டு தள்ளு. சாதாரண நான்கு சிலிண்டர் கார் எஞ்சினிலும் இதே எண்ணிக்கைதான். சுழல் எஞ்சினின் ஒவ்வொரு தள்ளும் ஷாஃப்டின் 270 பாகை வரை நீள்கிறது, பிஸ்டனில் 180 தான். அதனால் தள்ளு மிருதுவாக இருக்கும். ஆனாலும் அது தள்ளுதான், ஒரே சீரான இழுப்பு இல்லை. எஞ்சின் ஒருபுறம் ஷாஃப்டை முறுக்கிவிடுகிறது. மறுபுறம் கனமான புரொப்பல்லர் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. நடுவில் உள்ள கியர் பல் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

சோமனூர்ப் பக்கம் மாடியில் தறி போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். எல்லாத் தறியும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அடிக்கும்போது கட்டடமே ஆடும். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினாலோ இறக்கினாலோ ஆட்டம் அடங்கிவிடும். தறியின் பலம் மாறவில்லை. அடிக்கும் வேகம் கட்டடத்தின் சொந்த ஆட்டத்தோடு பொருந்தியது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். எஞ்சின், அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங், கியர், புரொப்பல்லர் நான்கும் சேர்ந்தும் அப்படி ஒரு சொந்த ஆட்டம் வைத்திருக்கின்றன. அது எந்த ஆர்.பி.எம்.மில் விழுகிறது என்பதை வைத்துத்தான் கியர்பாக்ஸின் ஆயுள். பல் எவ்வளவு தடிமன் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எஞ்சினுக்கு நீங்கள் அளந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் பக்கத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுற்றும் வேகத்தை மாற்ற விடாமல் முரண்டும் கனம்) 0.1 கிலோகிராம் மீட்டர் வர்க்கம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லருக்கு 1. கியர் விகிதம் 2.85 என்றால் எஞ்சினுக்கு அந்தப் புரொப்பல்லர் 2.85-இன் வர்க்கத்தால் வகுத்த கனமாகத்தான் தெரியும், அதாவது 0.12. ஒத்ததிர்வை 450 ஆர்.பி.எம்.முக்குக் கீழே, ஐட்லிங்குக்கு வெகு தூரத்தில் தள்ளிவிட வேண்டுமானால், கப்ளிங்கின் விறைப்பு ஒரு ரேடியனுக்குச் சுமார் 480 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும். 160 குதிரைத்திறனை 6,000 சுற்றில் எடுத்தால் டார்க், அதாவது முறுக்கும் விசை, 190 நியூட்டன் மீட்டர். அந்த டார்க்கில் இந்தக் கப்ளிங் சுமார் 23 பாகை முறுக்கிக்கொள்ளும். கேட்டதும் பட்டறைக்காரர்கள் எல்லாரும் "இவ்வளவு தளர்வா?" என்பார்கள். ஆமாம், இவ்வளவு தளர்வு வேண்டும்.

"தளர்வு எதுக்குங்க, கெட்டியா போட்டுடலாம்" என்று கப்ளிங்கைப் பத்து மடங்கு விறைப்பாக்கினால் ஒத்ததிர்வு 1,400 ஆர்.பி.எம்.முக்கு வந்து நிற்கும். ஓடுபாதைக்கு உருட்டிக்கொண்டு போகும்போது எஞ்சின் இருக்கும் வேகம் அது. நூறு மடங்கு விறைப்பாக்கினால் 4,500-இல் விழும். மணிக்கணக்காகப் பறக்கும் வேகத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கெட்டியாகச் செய்யச் செய்ய ஆபத்து நெருங்கி வருகிறது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே ஒரு கியர்பாக்ஸ் செலவானது.

அந்த முதல் கியர்பாக்ஸுக்கு என்ன ஆனது?

தவறு என்னுடையது. தென்னைநார் மில்லுக்குப் போடுகிற பழக்கத்தில், இ.என். 24 என்ற கெட்டி ரக ஸ்டீல் ஷாஃப்டும் விறைப்பான கப்ளிங்கும் போட்டேன். எதுவும் உடையக் கூடாது என்ற எண்ணம்தான். 41 மணி நேரம் ஓடியது. சத்தம் மாறவில்லை, சூடு ஏறவில்லை. தம்பி மட்டும் "ஐட்லிங்ல ஏதோ கரகரங்குதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது பிரித்தேன்.

ஸ்ப்லைன் (ஷாஃப்டில் வெட்டிய வரிப்பல்) வாயில் செம்மண்ணைக் குழைத்த மாதிரி சிவந்த பொடி ஒட்டியிருந்தது. எண்ணெயோடு சேர்ந்து விரலில் பட்டால் பசை போல இழுத்தது. இரண்டு உலோகம் மயிரிழை அளவு உரசிக்கொண்டே இருந்தால் வரும் துரு அது. ஓட்டும் பினியனை (சின்னப் பல்சக்கரத்தை) வெளிச்சத்தில் பிடித்து லென்ஸில் பார்த்தேன். பல்லின் தள்ளும் முகத்தில் தேய்மானம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தது. ஆனால் பின்முகத்திலும் அதே பளபளப்பு, அதே சின்னச் சின்னக் குழிகள். பின்முகம் சுமையே வாங்கக் கூடாத பக்கம். அங்கே குழி விழுந்தால் பல் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இரண்டு பல்லின் அடியில் முடி போல விரிசல்.

இன்னும் பத்து மணி நேரம் ஓட்டியிருந்தால் பல் உடைந்திருக்கும். நானும் ஸ்டீல் சரியில்லை என்று ஸ்டீல் கடைக்காரரைத் திட்டியிருப்பேன்.

ஐட்லிங்கில் சுமையே இல்லையே, அங்கே ஏன் அடிக்கிறது?

சுமை இல்லாததால்தான். புரொப்பல்லர் கேட்கும் டார்க், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் என்றால் 1,500-இல் அதில் பதினாறில் ஒரு பங்கு, வெறும் 12. எஞ்சினின் தள்ளு அதைச் சுலபமாகத் தாண்டி முன்னும் பின்னும் போகும். பல் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்காமல் இடைவெளியில் தட்டாடும். முழு வேகத்தில் சராசரி இழுப்பே பெரிதாக இருப்பதால் பல் ஒரே முகத்தில் அழுந்திக்கிடக்கும். இப்போது நாங்கள் ஐட்லிங்கை 1,700-க்குக் கீழே வைப்பதில்லை. அணைக்கும்போதும் மெதுவாக இறக்காமல் ஒரே வெட்டில் அணைக்கிறோம். ஒத்ததிர்வு வேகத்தை அது சட்டென்று கடந்துவிடும்.

2.17 விகிதமா, 2.85 விகிதமா?

சுழல் எஞ்சின்காரர்கள் அதிகம் பேசுவது இந்த இரண்டையும்தான். 6,000 சுற்றில் 2.17 போட்டால் புரொப்பல்லர் 2,765 சுற்றும், 2.85 போட்டால் 2,105. எஞ்சினை 7,000 வரை ஓட்ட மனம் இருந்தால் 2.85 நல்லது. பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றலாம், ஏறும்போது இழுப்பு அதிகம், சத்தம் குறைவு. கணக்கில் பார்த்தபடி புரொப்பல்லரும் எஞ்சினுக்கு லேசாகத் தெரியும். ஆனால் வெளிப்பக்க ஷாஃப்ட் வாங்கும் டார்க் 412-இலிருந்து 541 நியூட்டன் மீட்டருக்கு ஏறும். பெரிய புரொப்பல்லருக்குத் தரையிலிருந்து உயரமும் வேண்டும். நான் 2.85 பக்கம்.

சரியாக 2 அல்லது 3 என்று முழு எண்ணில் விகிதம் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அதே பல் அதே பல்லோடு, அதே தள்ளில் திரும்பத் திரும்பச் சந்திக்கும். தேய்மானம் ஓரிடத்தில் குவியும்.

கார் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கோள் பல்சக்கரம் தாங்குமா?

தாங்கும். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் கோள்கள் போலச் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்ற அமைப்பு அது. கோள்களைப் பிடித்திருக்கும் சட்டம்தான் கோள் தாங்கி. அமெரிக்காவில் சுழல் எஞ்சின் விமானம் கட்டியவர்கள் பலர் ஃபோர்டு சி6 வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கோள் பல்சக்கரத்தை எடுத்துத்தான் தங்கள் பெட்டியைச் செய்தார்கள். பெரிய கார்களுக்கும் பிக்அப் லாரிகளுக்கும் செய்த பல். டார்க் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுமையை மூன்று நான்கு கோள்கள் பகிர்ந்துகொள்கின்றன, ஷாஃப்ட் ஒரே நேர்கோட்டில் அமைகிறது, பெட்டி சிறிது. ஆனால் காரில் அது எப்போதாவது ஒரு கியரில்தான் முழுச் சுமை சுமக்கும். இங்கே விடாமல் சுமக்க வேண்டும். அதனால் கோள்களின் உள் பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழியைத் தனியாகச் செய்தாக வேண்டும். அதை விட்டவர்களுக்குக் கோள் ஊசிகள் நீலம் பாய்ந்து போகும்.

திசையையும் பாருங்கள். வெளி வளையத்தை நிறுத்தி வைத்தால் புரொப்பல்லர் எஞ்சின் சுற்றும் பக்கமே சுற்றும். கோள் தாங்கியை நிறுத்தினால் எதிர்ப்பக்கம். புரொப்பல்லருக்கு ஆர்டர் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

பெல்ட் போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

சிறிய எஞ்சினுக்கு பெல்ட் நல்ல வழி. ஜெர்மனியின் ஏ.எஸ்.ஹெச். 26 இ என்ற தானே கிளம்பும் கிளைடரில் 50 குதிரைத்திறன் சுழல் எஞ்சின் உடலுக்குள் இருக்கும். மேலே எழும் கம்பத்தின் நுனியில் உள்ள புரொப்பல்லரை பெல்ட்தான் சுற்றுகிறது. 160 குதிரைத்திறனுக்குப் போனால் பெல்ட் அகலமாகி, அதன் இழுவிசை பேரிங்குகளைப் பக்கவாட்டில் அழுத்தும். நம் ஊரில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரி இறைக்கும் தூசியும் பெல்ட்டுக்கு எதிரி. மூடி போட வேண்டும், மணிக்கணக்கு வைத்து மாற்ற வேண்டும். பெல்ட் முறுக்கதிர்வை விழுங்கிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். பல் பெல்ட் பார்க்க ரப்பர், உள்ளே நீளாத நார்.

எண்ணெய்?

ஒரு நேரான பல் ஜோடி இரண்டு சதவீதம் சக்தியைச் சூடாக்கினாலும் 160 குதிரைத்திறனில் அது சுமார் 2.4 கிலோவாட். மூடிய பெட்டிக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்த மாதிரி. ஊற்றி மூடிவைத்த எண்ணெய் இதைத் தாங்காது. ஓடும் எண்ணெய் வேண்டும். எஞ்சின் எண்ணெயையே கியர்பாக்ஸுக்கும் விட்டால் பம்பு ஒன்று போதும். ஆனால் சுழல் எஞ்சினில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வெளியேற்றும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வழியாகத்தான் போகிறது. ஆயில் கூலரைச் சிக்கனமாக வைத்தால் இரண்டும் சேர்ந்து கெடும். திரும்பும் குழாயைப் பெரிதாக வையுங்கள். எண்ணெய் தேங்கினால் பல் அதைக் கடைந்து நுரையாக்கும்.

கோவையிலேயே கியர் வெட்டலாமா, வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டுமா?

தாராளமாக இங்கேயே வெட்டலாம். நம் ஊரில் ஹாப்பிங், கியர் கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கும். இ.என். 8 வேண்டவே வேண்டாம். பம்புக்கும் தறிக்கும் அது போதும், இதற்குப் போதாது. இ.என். 36 மாதிரி நிக்கல் குரோமியம் கலந்த ஸ்டீலை எடுத்து கேஸ் ஹார்டனிங் செய்யுங்கள். வெளியே கடினமாகவும், உள்ளே உடையாமல் அடி தாங்குவதாகவும் இருக்க வேண்டும்.

கிரைண்டிங்கில் பல் முகம் கருகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அமிலம் தடவிப் பார்த்தால் கரும் திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் பல்லைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், எவ்வளவு செலவானாலும். பல்லின் அடி வளைவை மழுங்கலாக, மினுக்கி வையுங்கள். காந்தத் தூள் போட்டு விரிசல் பாருங்கள். ஹீட் ட்ரீட்மெண்டுக்குப் பல்லோடு அதே ஸ்டீலில் ஒரு சின்னத் துண்டையும் சேர்த்து அனுப்பி, அதை வெட்டி எவ்வளவு ஆழம் ஏறியது என்று பார்க்கலாம். "எப்பவும் போடற மாதிரி போட்டாச்சுங்க" என்ற பதிலை இதில் ஏற்காதீர்கள்.

காற்றாலை கியர்பாக்ஸே அடிக்கடி போகிறது. கியர்பாக்ஸ் என்றாலே நம்ப முடியாதா?

பல்லடம், உடுமலைக்காரர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கண்ணெதிரே கிரேன் வைத்து இறக்குவதைப் பார்த்தவர்கள். அங்கே அடிப்பது காற்று, நினைத்த நேரத்தில் வீசும். சேலத்தில் இறங்கும் ஏ.டி.ஆர். விமானத்தைப் பாருங்கள். அதிலும் கியர்பாக்ஸ்தான், பல்லாயிரம் சுற்றில் ஓடும் டர்பைனை 1,200 சுற்றுப் புரொப்பல்லருக்கு இறக்குகிறது. அது வருடக்கணக்காக உழைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், டர்பைன் தள்ளித் தள்ளி ஓடுவதில்லை, ஒரே சீராக முறுக்குகிறது. தள்ளி ஓடும் எஞ்சினிலும் ரோட்டாக்ஸ் 912 இருக்கிறது. 2.27, 2.43 என்ற விகிதங்களில் சிறு விமானங்களில் உலகமெங்கும் பறக்கிறது. மறுசீரமைப்புக்கு முன் 2,000 மணி நேரம். அதன் கியர்பாக்ஸுக்குள் முறுக்கதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பும், அளவுக்கு மீறிய அடி வந்தால் வழுக்கும் கிளட்சும் உண்டு. அவர்கள் பல்லை மட்டும் தடிமனாக்கி விட்டுவிடவில்லை.

அப்படியானால் எங்கள் கியர்பாக்ஸ் எத்தனை மணி நேரம் வரும்?

ஒரு எண் சொல்ல மாட்டேன். முறையாகச் சான்று பெற்ற டீசல் எஞ்சினான தீலர்ட் சென்டூரியன் 1.7-இலேயே கியர்பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. சொந்தமாகச் செய்த பெட்டிக்கு உங்கள் சோதனைப் பதிவேடுதான் சான்று. முதல் பெட்டிக்கு அடுத்ததை நாங்கள் 5, 10, 25 மணி நேரத்தில் பிரித்தோம். இப்போது 50-க்கு ஒரு முறை பிரிக்கிறோம்.

நடுவானில் பல் உடைந்தால்?

இழுப்பு போகும், எஞ்சின் சுமையில்லாமல் அலறும், கிளைடராக இறங்க வேண்டும். அதைப் பழகிய விமானி இறக்கிவிடலாம். நான் அதிகம் பயப்படுவது புரொப்பல்லர் ஷாஃப்டுக்குத்தான். சுற்றும் புரொப்பல்லர் பம்பரம் மாதிரி. விமானம் திரும்பினால் அது எதிர்த்து முரண்டும். முன்சொன்ன புரொப்பல்லர் 2,105 சுற்றில் இருக்கும்போது விமானம் நொடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் திரும்பினால், ஷாஃப்டை வளைக்கும் விசை 220 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் முறிந்தால் புரொப்பல்லர் கழன்று போகும், மூக்கின் கனம் போய் எடைச் சமநிலையும் கெடும். அதனால் புரொப்பல்லரைக் கோள் தாங்கியின் தலையில் தொங்கவிடாதீர்கள். தனி ஷாஃப்ட், நன்றாக இடைவெளி விட்டு இரண்டு பேரிங், இழுப்பைத் தாங்க ஒரு த்ரஸ்ட் பேரிங்.

இந்தியாவில் யாராவது சுழல் எஞ்சினைப் பறக்கவிட்டிருக்கிறார்களா?

ஆளில்லா விமானத்தில் உண்டு. பெங்களூரு என்.ஏ.எல். (தேசிய விண்வெளி ஆய்வகம்), அகமத்நகர் வி.ஆர்.டி.இ. (பாதுகாப்புத் துறையின் வாகன ஆய்வு நிறுவனம்) போன்றவை சேர்ந்து 55 குதிரைத்திறன் வாங்கல் எஞ்சினை (சுழல் எஞ்சினின் இன்னொரு பெயர்) நிஷாந்த் விமானத்துக்காக உருவாக்கி, 2009-இல் கோலாரில் பறக்கவிட்டன.

தோப்பில் இருந்து அப்படியே எழும்பிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. பதிவும் பறக்கும் அனுமதியும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.விடம் வாங்க வேண்டும். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி முதல் பாரதீய வாயுயான் சட்டம் நடப்பில் இருக்கிறது. சூலூரில் விமானப்படைத் தளம், பீளமேட்டில் பயணிகள் விமான நிலையம். நம் தலைக்கு மேலே உள்ள வானம் காலி இல்லை. எஞ்சினைத் தரையில் கட்டி ஓட்டும்போதும் புரொப்பல்லர் சுற்றும் தளத்துக்கு நேரே யாரையும் நிற்க விடாதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளுக்காகவே நாங்கள் கம்பி வேலி போட்டோம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் என்ன பார்க்கிறீர்கள்?

இக்னிஷன் இரண்டையும் அணைத்து, சாவியைத் தம்பி தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு புரொப்பல்லர் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். எத்தனை மில்லிமீட்டர் சும்மா ஆடுகிறது என்று ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுதுவோம். நேற்றைய எண்ணைவிடக் கூடியிருந்தால் அன்று ஓட்டம் கிடையாது. கப்ளிங் மூடிக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருக்கிறோம். கப்ளிங்கில் உள்ள ரப்பர் உள்ளுக்குள் சூடாகி உதிர ஆரம்பித்தால் கறுப்பு மாவு முதலில் அதில்தான் படியும். அப்புறம் எண்ணெயில் உள்ள இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த ப்ளக்கைக் கழற்றி, ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பார்ப்பேன். மையைப் போல மிருதுவாக இருந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவேன். மணல் மாதிரி நெருடினால் ஸ்பேனரை எடுத்துப் பெட்டியைப் பிரிப்பேன்.